அறுபது நாளில் முடிய வேண்டிய வழக்கு



'குடும்ப வன்முறையும் நீதிமன்றமும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மிகப் பெரிய தலைப்பு. நான் அதில் ஒரே ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அதன் 12ஆம் பிரிவில் இரண்டு கெடுக்கள் இருக்கின்றன. மனு வந்து சேர்ந்த நாளிலிருந்து சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணையை வைக்க வேண்டும். முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடித்துவைக்க நடுவர், அதாவது மாஜிஸ்திரேட், முயல வேண்டும்.

ஏன் இவ்வளவு அவசரம்? நிலத்தகராறு வழக்குப் போட்டவர் மாலையில் தன் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். செக் மோசடி வழக்குப் போட்டவரும் அப்படித்தான். குடும்ப வன்முறை வழக்கில் மட்டும், மனுப் போட்ட பெண் அன்று இரவு எதிர்மனுதாரர் இருக்கும் அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகிறாள். இல்லையென்றால், போக வீடே இல்லாமல் அம்மா வீட்டுத் திண்ணையில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறாள். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் நாளை எண்ணி எழுதினார்கள். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. அந்த நாளிலிருந்து இன்றுவரை இந்த இரண்டு கெடுக்களும் புத்தகத்தில் அப்படியே இருக்கின்றன. நம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளின் வாய்தாப் பட்டியலில் அவை இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்: இந்த வழக்குகளில் காலதாமதம் நிர்வாகக் குறை அல்ல. அடிப்பவரின் கையில் அது இன்னொரு ஆயுதம்.

சட்டம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்க்கப்பட்டது. கணவரோ அவருடைய உறவினரோ கொடுமை செய்தால் 3 ஆண்டுவரை சிறை. இப்போது பாரதிய நியாய சம்ஹிதையில் அது 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. தேவையான சட்டம்தான். ஆனால் வழக்கறிஞரான என்னிடம் வந்த பெண்களில் பெரும்பாலோர் "அவரை உள்ளே தள்ளுங்கள்" என்று கேட்டு வந்தவர்கள் இல்லை. "அடிக்காமல் இருக்கச் சொல்லுங்கள். என்னையும் பிள்ளைகளையும் வீட்டை விட்டு அனுப்பாமல் இருக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பணம் தரச் சொல்லுங்கள்." இந்த மூன்றுதான் அவர்கள் கேட்டது. 498ஏ இந்த மூன்றில் ஒன்றையும் தராது.

இதைத் தரத்தான் ஒரு மசோதா 2002இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்த மசோதாவைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். வழக்கமாக அடித்தால்தான் வன்முறை என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்கள். எப்போதாவது அடித்தால் கணக்கில் வராது. தன்னைப் பாதுகாக்கவோ சொத்தைப் பாதுகாக்கவோ நியாயமாக நடந்துகொண்டேன் என்று கணவர் சொன்னால் அது வன்முறை ஆகாது என்றும் ஒரு விலக்கு இருந்தது. பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. இந்திரா ஜெய்சிங் முன்னின்று நடத்திய லாயர்ஸ் கலெக்டிவ் என்ற அமைப்பு மாற்று வரைவை எழுதியது. கடைசியில் 2005இல் நிறைவேறிய சட்டத்தில் உடல் வன்முறையோடு பாலியல், வாய்ச்சொல், மனம், பணம் சார்ந்த வன்முறைகளும் இடம்பெற்றன. வீட்டுச் செலவுக்குத் தராமல் இருப்பது, சீதன நகையை அடகு வைத்துவிடுவது, வேலைக்குப் போக விடாமல் தடுப்பது எல்லாம் வன்முறை என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. இது சின்ன விஷயமில்லை.

அந்தச் சட்டத்தின் உயிர் 17ஆம் பிரிவில் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு. பட்டா இல்லை, பத்திரம் இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. ஆனாலும் "போடி வெளியே" என்று யாரும் சொல்ல முடியாது. நம் ஊரில் எத்தனை பெண்கள் அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து எத்தனை ஆண்டுகள் அடிவாங்கியிருக்கிறார்கள் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த உயிரை உச்ச நீதிமன்றமே பிடுங்கியது. சட்டம் நடைமுறைக்கு வந்து 2 மாதம்கூட முடியவில்லை. 2006 டிசம்பர் 15. டெல்லியில் மாமியார் பெயரில் இருந்த ஒரு வீட்டைப் பற்றிய வழக்கு. நீதிபதிகள் எஸ்.பி. சின்ஹா, மார்க்கண்டேய கட்ஜு. வீடு கணவருக்குச் சொந்தமாகவோ, அவர் வாடகைக்கு எடுத்ததாகவோ, அவரும் உறுப்பினராக இருக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தாகவோ இருந்தால் மட்டுமே அது பகிர்ந்து வாழ்ந்த வீடு என்று தீர்ப்புச் சொன்னார்கள். கணவனும் மனைவியும் எங்கெல்லாம் தங்கினார்களோ அந்த வீட்டையெல்லாம் மனைவி உரிமை கொண்டாடினால் குழப்பம் வந்துவிடும் என்பது அவர்கள் கவலை.

இந்தியக் குடும்பங்களில் வீடு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பெயரில், இல்லையென்றால் அம்மா பெயரில். கணவர் பெயரில் இருந்தால்கூட, வழக்கு வருகிறது என்று தெரிந்த உடனே ஒரு தான செட்டில்மென்ட் பத்திரம் போதும், வீடு மாமியார் பெயருக்குப் போய்விடும். அதன் பிறகு நடுவர் முன்னால் 2006 தீர்ப்பை நீட்டினால் வேலை முடிந்தது. அந்தத் தீர்ப்பு என் எதிரே நீட்டப்பட்டபோதெல்லாம் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன். என்னைப் போன்ற நூற்றுக்கணக்கான வழக்கறிஞர்களுக்கும் இதுதான் நேர்ந்தது.

அது திருத்தப்பட்டது 2020 அக்டோபர் 15 அன்று. நீதிபதிகள் அசோக் பூஷன், ஆர். சுபாஷ் ரெட்டி, எம்.ஆர். ஷா மூவரும் பழைய தீர்ப்பு சட்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்லி ஒதுக்கினார்கள். வீடு மாமனாருடையதாக இருக்கலாம், மாமியாருடையதாக இருக்கலாம்; குடும்ப உறவில் அந்தப் பெண் அங்கே நிலையாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழ்ந்த வீடுதான். இதனால் மருமகள் வீட்டுக்குச் சொந்தக்காரி ஆகிவிட மாட்டாள் என்பதையும், வயதான பெற்றோரின் நிம்மதியையும் நடுவர் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். நல்ல தீர்ப்பு, நிதானமான தீர்ப்பு. ஆனால் இடையில் போனது 14 ஆண்டுகள். அந்த 14 ஆண்டுகளில் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்டவர்களை எந்தத் தீர்ப்பும் திரும்பக் கூப்பிடவில்லை.

2022 மே மாதத் தீர்ப்பு ஒன்றும் இப்படித்தான். உத்தராகண்டிலிருந்து வந்த வழக்கு. திருமணமான அடுத்த மாதமே கணவரை விபத்தில் இழந்த பெண். அந்த வீட்டில் அவர் நடைமுறையில் குடியிருக்கவில்லை, கணவரும் இல்லை, எனவே உறவும் இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிபதிகள் எம்.ஆர். ஷா, பி.வி. நாகரத்னா அதை ஏற்கவில்லை. குடியிருந்தாளா இல்லையா என்பது கேள்வி அல்ல, குடியிருக்கும் உரிமை இருந்ததா என்பதுதான் கேள்வி என்றார்கள். இந்தச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாமலேயே நடுவர் உத்தரவு போடலாம் என்றும் தெளிவாக்கினார்கள். அந்தப் பெண் கணவரை இழந்தது 2005இல். சட்டத்தின் எழுத்து அவருக்கு 60 நாள் என்றது. நீதி வந்து சேர்ந்தது 2022இல்.

அதே 2022 ஆகஸ்டில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா போட்ட உத்தரவை நான் மிகவும் மதிக்கிறேன். கணவர் வீட்டை விட்டு வெளியேறுவது ஒன்றுதான் குடும்ப அமைதிக்கு வழி என்றால், அவருக்கு வேறு தங்குமிடம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் நீதிமன்றம் அந்த உத்தரவைப் போட வேண்டும் என்றார். சட்டத்தின் 19ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை முதல் நாளிலிருந்தே தந்திருக்கிறது. ஆனால் கீழ் நீதிமன்றங்களில் இதைக் கேட்டால், "ஏம்மா, புருஷனையே வீட்டை விட்டு அனுப்பச் சொல்றீங்களா?" என்ற கேள்வி வராத நாள் குறைவு. பெண்ணை அனுப்பும்போது மட்டும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இனி கீழ் நீதிமன்றத்துக்கே வருகிறேன், ஏனென்றால் உச்ச நீதிமன்றத்தின் வாசலை நம் பெண்களில் லட்சத்தில் ஒருத்தி பார்ப்பாள். மற்றவர்கள் பார்ப்பது கூடுதல் மகளிர் நீதிமன்றத்தின் வராந்தாவைத்தான்.

மனு நம்பர் ஆகிறது. நோட்டீஸ் போகிறது. சட்டப்படி அதைப் பாதுகாப்பு அலுவலர் மூலம் 2 நாளுக்குள் சேர்க்க வேண்டும். தேவையென்றால் நடுவர் கூடுதல் அவகாசம் தரலாம். கூடுதல் அவகாசம்தான் வழக்கமாகிவிட்டது. கதவு பூட்டியிருந்தது, ஆள் வெளியூர், விலாசம் சரியில்லை. நோட்டீஸ் சேர்ந்தபின் வக்காலத்துப் போட ஒரு வாய்தா. கவுண்டர் போட ஒரு வாய்தா, பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. அதற்குள் "குடும்ப விஷயம், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று சமரச மையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே எதிர்மனுதாரர் ஒரு முறை வருவார், இரண்டு முறை வரமாட்டார். சமரசம் முறிந்தது என்று தாள் திரும்பி வரும்போது நடுவர் மாற்றலாகிப் போயிருப்பார். புதிய நடுவர் வழக்குக் கட்டை முதலிலிருந்து படிக்க வேண்டும். நடுவே எங்கள் வழக்கறிஞர் சங்கங்களின் நீதிமன்றப் புறக்கணிப்பு நாட்களும் உண்டு. அதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

இத்தனை வாய்தாவுக்கும் அவள் வருகிறாள். பனியன் கம்பெனியில் ஒரு நாள் சம்பளம் போகிறது. கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருகிறாள். அடித்தவர் உட்கார்ந்திருக்கும் அதே பெஞ்சுக்கு எதிரே காலையிலிருந்து உட்காருகிறாள். பெயரைக் கூப்பிடுகிறார்கள், அடுத்த தேதி சொல்கிறார்கள், அரை நிமிடம். வெளியே வரும்போது "இன்னும் எத்தனை வருஷம் அலையுற பார்க்கிறேன்" என்று அவர் சொல்வது எங்கள் காதிலும் விழுகிறது. பணத்தைத் தராமல் வாட்டுவது பொருளாதார வன்முறை என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. வாய்தா வாங்கி வாங்கி ஒரு பெண்ணின் கூலியைத் தின்பது வேறென்ன? அதை நீதிமன்றத்தின் முத்திரையோடு செய்ய நாம் அனுமதிக்கிறோம்.

2022 ஜூலை 1 நிலவரப்படி நாடு முழுவதும் இந்தச் சட்டத்தின் கீழ் தேங்கிக் கிடந்த வழக்குகள் 4.71 லட்சம். மேல்முறையீடு, சீராய்வு மனுக்கள் 21,000க்கு மேல். இந்த எண்கள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கில் வந்தவை. நீதிபதி ரவீந்திர பட் அடங்கிய அமர்வு 2023 பிப்ரவரியில் இவற்றைப் பார்த்துவிட்டு, மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் என்று வைத்தால் ஒருவர் தலையில் 500, 600 வழக்குகள் விழும் என்று கவலைப்பட்டது. வேறு பதவியில் இருப்பவருக்கே இந்தப் பொறுப்பையும் கூடுதலாகக் கொடுத்துவிடுகிற வழக்கம் பல மாநிலங்களில் இருக்கிறது. 2025 மே 20 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு, மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை 6 வாரத்துக்குள் நியமிக்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. சட்டம் வந்து 19 ஆண்டு ஆனபின் அதிகாரியை நியமியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்தில் சமூக நலத்துறையின் கீழ் மாவட்டப் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். 181 உதவி எண் 2018 டிசம்பரிலிருந்து இயங்குகிறது. இருக்கிற அலுவலர்களில் பலர் மனசாட்சியோடு உழைப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் கேட்பது அவர்களுக்கு வண்டியும் உதவியாளர்களும்.

இன்னொரு தடை உயர் நீதிமன்றம் வழியாக வருகிறது. மனுவை ரத்துச் செய்யக் கோரி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482இன் கீழ், 2024 ஜூலையிலிருந்து அதற்கு ஈடான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதை 528இன் கீழ், மனுப் போடுவார்கள். தடை உத்தரவு கிடைத்துவிட்டால் கீழே எல்லாம் உறைந்துவிடும். 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இதை ஆழமாக ஆராய்ந்தார். பிரிவு 12 மனு உரிமையியல் தன்மை கொண்டது, எதிர்மனுதாரர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்ல, எனவே 482 பொருந்தாது என்றார். அதோடு நிற்காமல் நோயின் வேரையும் காட்டினார். நடுவர்கள் பட்டியலில் உள்ள எல்லா உறவினர்களுக்கும் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு அனுப்புவதுபோல் சம்மன் அனுப்பி நேரில் வரச் சொல்வதால்தான் அவர்கள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். வழக்கறிஞர் மூலம் வந்தால் போதும் என்றார். நியாயமான பேச்சு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் 482இன் அதிகாரம் உண்டு, ஆனால் மிகுந்த நிதானத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி அபய் ஓகா, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தான் பங்கேற்ற மாறான தீர்ப்பைக் குறிப்பிட்டு, அதைத் திருத்துவது கடமை என்று எழுதினார். அந்த நேர்மைக்கு வணக்கம் சொல்கிறேன். ஆனால் எனக்குக் கவலை, அந்த நிதானம் ஒவ்வொரு உயர் நீதிமன்ற அமர்விலும் இருக்குமா என்பதுதான். ஒரு தடை உத்தரவு வாங்கினால் பல ஆண்டுகளை வாங்கிவிடலாம்.

பொய் வழக்கு என்ற பேச்சையும் தவிர்க்க மாட்டேன். பொய் வழக்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 498ஏ கைதுகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2014இல் கட்டுப்பாடு விதித்ததற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் 2005 சட்டத்தில் மனுப் போட்டவுடன் யாரையும் கைது செய்வதில்லை. நடுவர் உத்தரவு போட்டு, அதை மீறினால்தான் 31ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு ஒன்று, "அடிக்காதே, வீட்டை விட்டு அனுப்பாதே, விற்காதே" என்று சொல்கிறது. அடிக்காதவருக்கு அடிக்காதே என்று சொல்வதால் என்ன நஷ்டம்? அடிக்கிறவருக்குச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? இந்த இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லித்தான் எல்லா நடுவர்களையும் கேட்கிறேன்.

தேசியக் குடும்ப நல ஆய்வின் 5ஆம் சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுவரை, திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 29.3. படிப்பிலும் வேலையிலும் முன்னே நிற்கும் மாநிலம் நம்முடையது. வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் நாடு முழுவதும் 14 விழுக்காடுதான். 77 விழுக்காட்டினர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. மனுப் போட்டவளின் அலைச்சலை அக்கம்பக்கத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் கிடைக்காததைப் பார்த்து அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

நம் மொழியும் பேசப்படும் பக்கத்து நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறேன். இலங்கையும் அதே 2005இல் 34ஆம் எண் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. அங்கே நீதவான் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளையை 14 நாள்வரைக்கும், பாதுகாப்புக் கட்டளையை 12 மாதம்வரைக்கும் தரலாம். நம் சட்டம் அதைவிட அகலமானது. அகலமான சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இடைக்காலக் கட்டளையைத் தர நாம் தயங்குகிறோம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும் நெறிமுறை வகுத்தது. இது தாமதத்தின் லாபத்தைக் குறைக்கும் உத்தரவு. இழுத்தடித்தாலும் பாக்கி ஏறிக்கொண்டே போகும். ஆனால் அந்தப் பிரமாணப் பத்திரத்தைக் கேட்டு வாங்காத நீதிமன்றங்கள் இன்னும் இருக்கின்றன. கேட்காத வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள்.

அதனால் இங்கே இருக்கும் மாணவர்களிடம் தொழில்முறையாகவே சிலவற்றைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பெண் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டால், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். 27ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. கணவர் ஊருக்கு அவளை அலைய விடாதீர்கள். பிரிவு 12 மனு விதிகளில் இரண்டாம் படிவம். அதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வராதீர்கள். 23(2)இன் கீழ் ஒருதலை இடைக்கால உத்தரவுக்கு மூன்றாம் படிவத்தில் பிரமாணப் பத்திரம் இருக்கிறது. அதையும் அதே நாளில் சேர்த்துக் கொடுங்கள். தேதி, நேரம், காயம், ஆஸ்பத்திரிச் சீட்டு, காவல் நிலையத்தில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது என்று எது இருக்கிறதோ அதை இணையுங்கள். எதுவும் இல்லையென்றால் அவள் சொல்லை அப்படியே எழுதுங்கள், பிரமாணப் பத்திரத்தின் பேரிலேயே உத்தரவு போட நடுவருக்கு அதிகாரம் உண்டு. நம்பர் ஆகட்டும், நோட்டீஸ் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொன்னால், எழுந்து நின்று 23ஆம் பிரிவைப் படித்துக் காட்டுங்கள். மறுத்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்தால் 29ஆம் பிரிவின் கீழ் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு அப்பீல் போகலாம். அன்று மாலை அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பும்போது, அவள் பையில் உத்தரவின் நகல் இருக்க வேண்டும். இன்னொரு நகல் அந்த வட்டாரக் காவல் நிலையத்துக்கு அன்றே போய்ச் சேர வேண்டும்.